ஐம்பதுக்கு அருகில்

இரவு ஷிஃப்ட்.
சுவர் முழுக்கத் திரை,
திரை முழுக்க மாநிலம்.
அண்ணா சாலையில் கடைசிப் பேருந்து போய்
ஒரு மணி நேரமாகிறது.

பச்சைக் கோடு காற்று.
ஆரல்வாய்மொழியில், கயத்தாறில்
யாரோ ஒருவர் முகத்தில் அடிப்பது
எனக்கு இங்கே எண்ணாக வந்துசேர்கிறது:
நாலாயிரத்து இருநூற்றுப் பத்து.
ஆடியில் அம்மி பறக்கும் என்பார்கள்.
அம்மி கிடக்கட்டும்,
இந்நேரம் கொரட்டூரில்
எத்தனை வீட்டு ஏசியைச் சுமக்கிறது அது!

கல்பாக்கத்தின் கோடு
ஸ்கேல் வைத்துப் போட்டது.
முதல் தேதி தவறாமல் வாடகை தந்து
யாரோடும் பேசாத குடித்தனக்காரர்.
நல்ல மனிதர்தான்.
பூட்டிய அந்த உள்ளறையில் என்ன என்று
கேட்கத்தான் எனக்குத் துணிவில்லை.

சூரியனுக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்.
ஊரே விளக்குப் போடும் நேரம் பார்த்துப்
பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

கடம்பாறையில் இறங்கும் தண்ணீரை
மிஞ்சிய காற்றைக் கொண்டு
மறுபடி மலைக்கு ஏற்றுகிறோம்.
நாலு பங்கு ஏற்றினால் மூன்று பங்கு திரும்பும்.
"சேட்டுக் கடையில் வைத்த நகை" என்பார்
பக்கத்து நாற்காலி ஹபிபுல்லா.
"வட்டி போனா என்ன, நகை இருக்கில்ல?"

நிலக்கரி சிவப்பு.
அதற்கு எனக்குத் திரை தேவையில்லை.
கத்திவாக்கத்தில் என் வீட்டுக் கொடியில் தெரியும்.
மகளின் வெள்ளைச் சீருடையை
ராத்திரி துவைத்துப் போட்டால்
காலையில் உதறும்போது
விரலில் மாவு மாதிரி ஒட்டும்.
எதிர்வீட்டு பிலோமினா
மாடியில் கருவாடு காயவைப்பதை
எப்போதோ விட்டுவிட்டாள்.

ஒன்றேகால் மணி.
அதிர்வெண் ஐம்பதைத் தாண்டி ஏறுகிறது.
காற்று அதிகம், தூங்குகிறவர்கள் அதிகம்.
அத்திப்பட்டுக்குப் போன் போட்டேன்.
"தயாளமூர்த்தி சார், ரெண்டாவது யூனிட்டை இறக்குங்க."
"எவ்வளவும்மா?"
"முடிஞ்ச வரைக்கும்."
பெருமூச்சு கேட்டது.
கொதிகலன் பால் பாத்திரமா,
பொங்கினால் இறக்கிவைக்க?

எழுதாத ஒன்று உண்டு பதிவேட்டில்:
அந்த உத்தரவை மட்டும்
கொஞ்சம் அவசரமாகவே சொன்னேன்.
வீட்டில் துணி காய்கிறது.

மூன்று நாற்பதுக்குப்
பச்சைக் கோடு தள்ளாடியது.
கால் மணி நேரத்தில் எண்ணூறு மெகாவாட்
லீவு லெட்டர்கூட இல்லாமல் போனது.
காற்றுக்கு யார் மெமோ கொடுப்பது?

ஏற்றிய தண்ணீரை இறக்கினோம்.
போதவில்லை.
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு நாலு.
ராயபுரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒரு குறைமாதக் குழந்தை இருக்கும்.
எங்கோ ஒரு லிஃப்டில்
ஆறாவது மாடிக்கும் ஏழுக்கும் நடுவில்
ஒருவன் இருப்பான்.
ஹபிபுல்லா என்னைப் பார்க்கவில்லை.
போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சார், ஏத்துங்க."
"இப்பத்தானேம்மா இறக்கச் சொன்னீங்க?"
"காத்து விழுந்திருச்சு சார்."
"சரி."
அந்த 'சரி'க்குப் பின்னால்
கரி அரைபடும் சத்தம்.

விடிந்து, கும்மிடிப்பூண்டி ரயிலில்
ஜன்னலோரம் உட்கார்ந்து,
கத்திவாக்கத்தில் இறங்கியதும்
கடல் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது.
ராத்திரி எங்கே போயிருந்தாய் என்று
கேட்கத் தோன்றியது.

கொடியில் சட்டை.
மடிந்திருந்த முதுகுப் பக்கம் மட்டும் வெள்ளை.
ஒன்றேகாலிலிருந்து மூன்று நாற்பதுவரை
என்று வைத்துக்கொண்டேன்.
முன்பக்கம் நான் கேட்டு வாங்கியது.

மறுபடி துவைக்க வேண்டும்.
தொட்டியில் தண்ணீர் இல்லை.
மோட்டாரைப் போட்டேன்.